லவ்டேல் மூட்டைகள்

லவ்டேல்
12 மே 1974

அன்புள்ள ஜெய்பு,

நான் நலம். உன் நலத்தை உன் கடிதத்திலிருந்து தெரிந்துகொள்ள முடியவில்லை. ஐந்து வரியில் என்ன தெரியும்? முன்பெல்லாம் உன் கடிதம் கனத்தினாலேயே கூடுதல் தபால்தலை கேட்கும்.

நேற்று லாரியில் ரோம மூட்டைகளை ஏற்றிவிட்டேன். முதுகு ரோமம் தனி, வயிற்று ரோமம் தனி, கால் பக்கத்து முரட்டு ரோமம் தனி. ஆட்டுக்காரர்கள் அடையாளத்துக்குத் தார் பூசிய நுனிகளைக் கத்தரித்துவிட்டேன். ஒவ்வொரு மூட்டையிலும் நீளம், மென்மை, நிறம், ஒட்டிய முள் எவ்வளவு, அலசியதா இல்லையா என்று சீட்டு எழுதிக் கட்டியிருக்கிறேன்.

சோலூரிலிருந்து பரமசிவன் இந்த முறை ரோமத்தை ஓடையில் அலசிக்கொண்டு வந்து, "ஏனுங்கம்மா, எத்தன வெளுப்பா இருக்குது பாருங்க" என்று நீட்டினான். அப்படியே திருப்பி அனுப்பினேன். ரோமம் ஆட்டின் பசையோடுதான் வரவேண்டும். அலசியதும் அலசாததும் உன் சலவைத் தொட்டியில் ஒன்றாக இறங்கினால், ஒன்று கட்டி தட்டிப்போகும், மற்றது அழுக்காகவே நிற்கும். இதை ஆட்டுக்காரர்களுக்கு எத்தனை முறை சொல்வது? என் வீட்டுக்காரர் காலமான பிறகு இந்த வேலையும் உன் கடிதங்களும்தான் என் வாரங்களை நிரப்புகின்றன. இரண்டிலும் கலப்படத்தை நான் அனுமதிப்பதில்லை.

லாரிக்காரப் பாலன் ஒரு செய்தி சொன்னான். உன் நூற்புக் கூடத்துக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாளாம், சிலோன்காரியாம். "ரெண்டு பேரும் ஒரே தட்டுல முறுக்கு தின்னுட்டு உக்காந்திருந்தாங்கம்மா" என்றான். என்னால் முறுக்கு கடிக்க முடியாது என்பது உனக்கு நினைவிருக்கலாம்.

உன்
சாந்தாமணி


குன்னூர்
19 மே 1974

என் சாந்தாவுக்கு,

இறைவன் அருளால் நலம். முறுக்குக்குப் பதில் உனக்கு அதிரசம் வைத்திருக்கிறேன். வந்தால் கிடைக்கும், கோபித்துக்கொண்டால் கிடைக்காது.

மூட்டைகள் வந்தன. உன் சீட்டைப் படித்தால் ஆட்டின் ஜாதகமே தெரிந்துவிடுகிறது.

பாலன் சொன்னவள் பெயர் சுப்பம்மா. ஹட்டன் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, இங்கே வந்து சேர்ந்த மழைக்காலத்திலேயே புருஷன் தங்கையாவைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டாள். பின்கட்டு அறையைத் தந்திருக்கிறேன். வாய் நீளம். இரண்டாம் நாளே என்னிடம், "எங்க தொரைகூட இம்புட்டுக் கேள்வி கேக்க மாட்டாருங்க" என்றாள். உன் சீட்டைப் படித்துக்காட்டினேன். "இது யாருங்க, லவ்டேல் தொரைசானியா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

மருத்துவமனைக்குப் போர்வை கேட்டிருக்கிறார்கள். உன் ரோமம் மட்டும் போதாது என்பதால் இந்தப் பக்கத்தில் வாங்கியதை அவள் தரம் பிரிக்கிறாள். உன்னுடையது மெல்லியது, குட்டை. அவள் பிரித்தது நீளம். தரையில் உன்னுடையது ஓர் அடுக்கு, அதன்மேல் அவளுடையது ஓர் அடுக்கு என்று மெத்தைபோலப் பரப்பி, மேலிருந்து கீழாக அள்ளிச் சிக்கெடுக்கும் மெஷினுக்குக் கொடுக்கிறோம். நூல் அறுவதே இல்லை. ஒன்று சொல்லவேண்டும், அவளுடையது சற்றே கூடுதல் வெள்ளை.

அன்புடன்
ஜெய்புன்னிசா


லவ்டேல்
2 ஜூன் 1974

அன்புள்ள ஜெய்பு,

அதிரசம் வேண்டாம். மழை பிடித்துவிட்டது, முழங்கால் இறங்கவிடாது.

அடுக்கு வைத்ததைப் படித்தேன். என் ரோமத்தின்மேல் அவளுடையதா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். நூல் அறாமல் வருவது நீளத்தினால். அந்த நீளம் ஆட்டின் பெருமை, அவளுடையது அல்ல.

வெள்ளையைப் பற்றியும் சொல்கிறேன். ஓரங்களைக் கைநிறைய வெட்டி எறிந்தால் எதுதான் வெள்ளையாகாது? பாலனிடம் கேட்டேன், உன் கூடத்தின் பின்னால் கழிவு குவிந்து கிடக்கிறதாம். நல்ல ரோமத்தையும் கழிவில் போடுகிறவளை நீ மெச்சுகிறாய். கொழுந்து பறிப்பது வேறு, இது வேறு. கான்வென்ட் பள்ளியில் மதர் தையல் அறைச் சாவியை என்னிடம் மட்டும்தான் கொடுப்பார், ஞாபகமிருக்கிறதா? கைக்குத் தகுதி பார்த்துத்தான் சாவி கொடுப்பார்கள்.

போகட்டும். அடுத்த மூட்டைகளை நீயே உன் கையால் பிரி. அவளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள். வெள்ளை என்றால் என்னவென்று இரண்டு பேரும் பாருங்கள்.

தொரைசானி என்றால் தோட்டத்துரையின் மனைவி. என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கராக இருந்தவர் என்று அவளிடம் சொல்.

சாந்தாமணி


குன்னூர்
14 ஜூலை 1974

சாந்தா,

உன் மூட்டைகள் போயின. எல்லாம் போயிற்று.

என் தங்கை மகள் நிக்காஹ்வுக்குக் கோயம்புத்தூர் போயிருந்தேன். மூட்டைகள் நான் இல்லாதபோது வந்து, கூடத்தில் சுப்பம்மா பொறுப்பில் இருந்தன. திரும்பி வந்து பிரித்தால், கைவைக்க முடியாத சூடு, ஊறிப்போன நாற்றம். நடுவில் இருந்ததெல்லாம் மஞ்சள் பூத்து, இழுத்தால் பொடியாக உதிர்கிறது. ஈரத்தில் புழுங்கிய ரோமம். மருத்துவமனைக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

மூட்டைகள் இருந்த மூலையில் கூரை போன வருஷம் ஒழுகியது. தள்ளி வை என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அவளைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். ஏதோ முணுமுணுத்தாள், திரும்பவும் பேசினேன். அன்று மாலையே துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தேவர்சோலையில் அவள் சொந்தக்காரி காத்தாயி இருக்கிறாள், அங்கே கூலிக்குப் போகிறாளாம்.

நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம். பின்கட்டு வெறிச்சென்றிருக்கிறது.

ஜெய்பு


லவ்டேல்
18 ஜூலை 1974

என் அருமை ஜெய்பு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வருந்தாதே. யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று இப்போதாவது தெரிந்ததே. நான் பொறாமையில் பேசுகிறேன் என்று நினைத்தாய் அல்லவா? சொல்லவில்லை, ஆனால் நினைத்தாய்.

மருத்துவமனைக்கு நானே எழுதுகிறேன். அடுத்த கத்தரிப்பு வந்ததும் மொத்த ரோமத்தையும் நான் பிரித்துத் தருகிறேன். நீ பின்கட்டில் யாரையும் வைக்க வேண்டாம். முழங்கால் ஆறியதும் நானே வந்து பத்து நாள் தங்குகிறேன்.

ஆனால் மனசு ஆறவில்லை. அவள் பாழாக்கியது என்னவென்று உனக்குத் தெரியுமா? உனக்காக நான் ஒவ்வொரு பிடியாக வெந்நீரில் அலசி, பூந்திக்கொட்டை போட்டு மறுபடி அலசி, வெயிலே இல்லாத ஆனியில் கணப்படுப்பு மூட்டி, கூடம் முழுக்கக் கயிறு கட்டி உலர்த்தினேன். பரமசிவன்கூட வாசலில் நின்று, "ஏனுங்கம்மா, ஆடே குளிக்கறதில்லீங், அதோட ரோமத்துக்குத் தலைமுழுக்கா?" என்று சிரித்தான். சிரிக்கட்டும் என்று விட்டேன். மல்லிகை மொட்டுபோல இருந்தது, ஜெய்பு! மேலே தொட்டால் பஞ்சு. அதைக் கொண்டுபோய் ஒழுகும் கூரையின் கீழ் வைத்தாளே!

அதிரசம் இன்னும் இருக்கிறதா?

என்றும் உன்
சாந்தா


குன்னூர்
27 ஜூலை 1974

சாந்தாமணிக்கு,

அலசினாயா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன். மூட்டை வைத்த மூலையில் தரை காய்ந்திருக்கிறது. கோணியின் வெளிப்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்க் கறை இல்லை. ஈரம் உள்ளேயிருந்துதான் வந்திருக்கிறது. இதை அன்றைக்கே பார்த்திருக்கவேண்டியவள் நான். நடுவில் காயாத ரோமத்தை மேலே தொட்டுப்பார்த்துவிட்டு, இறுக்கிக் கட்டி, மழைக்காலத்தில் அனுப்பியிருக்கிறாய். பரமசிவனைத் திருப்பி அனுப்பிய நீ.

சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 'அலசாதது' என்று உன் அழகான கையெழுத்தில் இருக்கிறது.

மறுநாளே பஸ் ஏறித் தேவர்சோலைக்குப் போனேன். சுப்பம்மா கொழுந்துக்கூடையோடு வந்தாள். உட்காரச் சொல்லவில்லை. "கூரை ஒழுகலைன்னு அன்னைக்கே சொன்னேங்க. நீங்க தலைய ஆட்டிக்கிட்டு மறுபடியும் ஏசுனீங்க" என்றாள். வா என்று கூப்பிட்டேன். "நீங்க கூப்பிட்டா வந்திருவேன், நாளைக்கு அந்தம்மா ஒண்ணு எழுதுனா திரும்பவும் ஏசுவீங்க. அந்த லவ்டேல் தொரைசானிய எழுதச் சொல்லுங்க. அப்புறம் பாப்போம்" என்றாள்.

உன்னை வற்புறுத்த மாட்டேன். ஆனால் நீ எழுதும்வரை உன் மூட்டை எதையும் இந்தக் கூடத்தில் பிரிக்கப்போவதில்லை. பத்து நாள் தங்குவதைப் பற்றியும் இப்போது பேசவேண்டாம்.

ஜெய்புன்னிசா


லவ்டேல்
11 ஆகஸ்ட் 1974

தேவர்சோலை, காத்தாயி வீட்டில் இருக்கும்
சுப்பம்மா அவர்களுக்கு,

நாம் பார்த்துக்கொண்டதில்லை. இதை உங்களுக்கு யாரேனும் படித்துக்காட்டுவார்கள், சுற்றி நின்று நாலு பேர் கேட்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். கேட்கட்டும்.

குன்னூரில் ரோமம் கெட்டது கூரையினால் அல்ல, உங்களாலும் அல்ல. நான் அலசினேன். உள்ளே காயுமுன் மூட்டை கட்டினேன். சீட்டில் 'அலசாதது' என்று பழக்கத்தால் எழுதிவிட்டதாக முதலில் ஒரு தாளில் எழுதி, அதைக் கிழித்துப் போட்டேன். தெரிந்துதான் எழுதினேன். உங்களுடையதைவிட என்னுடையது இயல்பிலேயே வெள்ளை என்று ஜெய்புன்னிசா நினைக்கவேண்டும் என்பதற்காக.

உங்கள் மேல் விழுந்த ஏச்சு எனக்கு உரியது.

உங்கள் வேலையில் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. ஓரம் வெட்டும்போது நல்ல ரோமத்தையும் சேர்த்து எறிகிறீர்கள். அதை நேரில் பேசிக்கொள்ளலாம். என் மூட்டைகளை இனி நீங்கள் பிரித்துப் பாருங்கள். சீட்டில் இருப்பது உள்ளே இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

குன்னூருக்குத் திரும்பிவிடுங்கள். அவள் தனியாக இருக்கத் தெரியாதவள்.

இதைப் படிப்பவருக்கு: மீதியைச் சுப்பம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகப் படிக்கவும்.

ஜெய்புன்னிசாவுக்கு இடது காது கேட்காது. சிறுவயதிலிருந்தே. அவள் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. கேட்டதுபோலத் தலையாட்டிச் சமாளித்துவிடுவாள். கூரை ஒழுகவில்லை என்று நீங்கள் சொன்ன அன்று எந்தப் பக்கம் நின்றீர்களோ, தெரியவில்லை. இனிமேல் வலது பக்கம் நின்று பேசுங்கள்.

பள்ளிக்கூடத்தில் அந்த வலது பக்கம் யாரையும் உட்கார விடாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.

சாந்தாமணி