ஒரே கோவை, இரண்டு வலைகள்

என் மச்சான் யூசுபுக்கு,

உன் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு நாகூர் போய்வந்தேன். காய்ச்சல் என்றார்கள், சிங்கப்பூரிலேயே அடக்கம் என்றார்கள். இங்கே உனக்கென்று ஓர் இடமில்லை. சாப்பிட்டேன். சாப்பிட முடிந்தது. அழுகை இன்னும் வரவில்லை.

ஒரே சஹன் தட்டில் என்னோடு கை வைத்திருந்த உன் மாமா சொன்னார்: "சிங்கப்பூர் போயி கடை வைக்காத மொத ஆளு நம்ம புள்ளதான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பிறகு உன் உம்மா உள்ளே கூப்பிட்டார்கள். "அவன் அங்க என்னதாம்பா செஞ்சான்? கேட்டா கணக்குன்னுவான்."

சொன்னேன். வாயுவைப் பிடித்துவைக்கும் படிகங்களை நீ வடிவமைத்தாய். அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத வலைகள், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்கும், தொடாது. நான் நெல் ரகங்களின் வம்சாவளியைப் பார்க்கிறேன். ரகங்கள் கலந்து கலந்து அதுவும் வலையாகிவிடுகிறது. அதனால் இருவருக்கும் ஒரே கணக்கு. ஒவ்வொரு வலைக்கும் ஒரு பல்லுறுப்புக் கோவை எழுதினோம்.

கோவை ஒன்றானால் வலையும் ஒன்றே என்றாய். இன்னும் அச்சேறாத நம் கட்டுரையில் உன் பகுதி முழுதும் அந்த வரியின் மேல்தான் நிற்கிறது.

பாத்திஹாவுக்கு முந்தின வாரம் அது உடைந்தது, யூசுப். இரண்டு நெல் வம்சங்கள். கலந்த விதம் வேறு. கோவை ஒன்றே. திரும்பப் போட்டுப் பார்த்தேன், அதேதான். நீ இருந்திருந்தால் கத்தியிருப்பாய். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சுப்பா" என்று அப்பா வந்து நின்றார். சரி என்றேன்.

உன் பகுதியை எடுத்துவிட்டால் கட்டுரை பிழைக்கும், அதில் நீ இருக்க மாட்டாய். வைத்தால், உன் கடைசி வார்த்தை தவறு என்று நானே அச்சில் சொல்ல வேண்டும். எது உனக்கு மரியாதை?

இதையும் உம்மாவிடம் சொன்னேன்.

"ரெண்டு பேரும் சண்டை போடுவீங்கள்ல?"

"தெனமும், உம்மா."

"யாரு விட்டுக்கொடுப்பா?"

"யாரும் இல்ல."

"இப்ப மட்டும் ஏம்பா விட்டுக்கொடுக்குறே? செத்துட்டாங்குறதுனாலயா?"

உன் வரி இருக்கும், உன் பெயரோடு. அதன் கீழே என் மறுப்பு, என் பெயரோடு. உன்னால் பதில் சொல்ல முடியாது என்பதற்காக ஒரு சொல்லையும் மென்மையாக்க மாட்டேன்.

விட்டுக்கொடுக்காத உன் மச்சான்,
நீடாமங்கலம் கண்ணன்