நான் சொன்ன யெஸ்

11 ஆகஸ்ட் 1976, புதன்

டண்டினொங் தொழிற்சாலையில் கொதிநீர் கொட்டிக் கை வெந்துபோன கிரேக்கப் பெண்ணுக்காக இன்று மெல்பேர்ண் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னேன். குழாய் வேலையில் நான் நிபுணனாம். வெந்நீரைத் தணிக்கிற வால்வு பழுது. நானே கழற்றிப் பார்த்தது. முதலாளி பக்கத்து வக்கீல் ஆங்கிலத்தில், "வால்வு வேலை செய்யவில்லையா?" என்று கேட்டான். "யெஸ்" என்றேன். செய்யவில்லை என்றுதான் சொன்னேன். அவர்களுடைய ஆங்கிலத்தில் அதற்கு, வேலை செய்தது என்று அர்த்தமாம். திருத்தப் போனால், "இப்போது பேச்சை மாற்றுகிறார்" என்று சிரிக்கிறான். அந்தப் பெண் விரல் மடங்காத கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "இன்னும் சாப்பிடேல்லையோ?"

"ஓம்" என்றேன், எங்கள் ஊர் யெஸ்.

வேறொன்றும் கேட்காமல் சோறு போட்டாள்.