இருபத்திரண்டு நாற்காலிகளும் ஒரு படிவமும்

பிப்ரவரி 25, செவ்வாய்

எழுதாமல் விட்டால் இது மறந்துபோகும். மறந்துபோவதுதான் எனக்கு நல்லது. இருந்தாலும் எழுதுகிறேன்.

பிசியோதெரபி கல்லூரியில் பத்தொன்பது வருடமாக, முதுகை வளைக்காமல் பாரம் தூக்குவது எப்படி என்று பாடம் நடத்துகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் சோப்பை எடுக்கக் குனிந்தேன். நிமிரவில்லை. எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே போனால் மானம் கப்பலேறும் என்று, இன்று ஊரின் மறுகோடியில் ஒரு சின்ன கிளினிக்குக் கிளம்பினேன். பெயருக்கு நாத்தனார் பெயரைக் கொடுத்தேன். தொழில் என்ற கட்டத்தில் ‘நீச்சல் பயிற்சி’ என்று எழுதினேன். ஏன் நீச்சல் என்று இப்போதும் தெரியவில்லை, கை தானாக எழுதியது.

திரையை விலக்கிக்கொண்டு வந்தவள் என் பழைய மாணவி. அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“மேடம், நீச்சல் எப்போ கத்துக்கிட்டீங்க?”

“போன வாரம்.”

“குப்புறப் படுங்க மேடம். நீங்க சொல்லிக்குடுத்ததுதான் செய்யப்போறேன், பயப்படாதீங்க.”

அதுதான் பயமே. ஆனால் கை நல்ல கை. இந்தப் பாடத்தில் அவளுக்கு ஐம்பத்தொன்றுதான் போட்டேன். கஞ்சத்தனம்.

பிப்ரவரி 27, வியாழன்

முதுகு பரவாயில்லை. மனசுதான் இன்னும் குப்புறக் கிடக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் இருபத்துநான்காம் தேதி என்று கடிதம் வந்துவிட்டது. ஒரு பதவி, இரண்டு பேர். நான், அப்புறம் அளவுகோல். எங்கள் துறைக்காரர் ஒருவர் விறைப்பாக நிற்கிற நிலைக்காக மாணவர்கள் வைத்த பெயர் அது. நடந்து வந்தால் ஆச்சரியக்குறி வருகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் நான் கேள்விக்குறி. இதுவரை மூன்று முறை விண்ணப்பித்து மூன்று முறையும் திரும்பி வந்திருக்கிறேன். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். இதுதான் கடைசி.

இந்த முறை கையில் ஒரு துருப்புச் சீட்டு உண்டு. தையல் பட்டறைக் கட்டுரை. முக்காலியில் உட்கார்ந்து தைக்கிற இருபத்திரண்டு பெண்களுக்கு, உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற நாற்காலி வாங்கிக் கொடுத்தேன். காலையிலும் மாலையிலும் எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று ஒரு படிவத்தில் குறிக்கச் சொன்னேன். மூன்றே மாதத்தில் வலி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆய்விதழும் கட்டுரையை ஏற்றுக்கொண்டது.

வீட்டுக்காரர் இப்போதே என்னைப் ‘பேராசிரியர்’ என்று கூப்பிடுகிறார். “பேராசிரியர், குப்பை வண்டி வந்துருச்சு.”

மார்ச் 11, செவ்வாய்

ஐயோ.

மார்ச் 12, புதன்

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கட்டுரைக்கு ஒரு படம் வேண்டும், பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்து தைப்பது போல எடுத்து அனுப்புங்கள் என்று ஆய்விதழ்க்காரர் கேட்டிருந்தார். நேற்று சொல்லாமல் கொள்ளாமல் பட்டறைக்குப் போனேன். இருபத்திரண்டு நாற்காலியும் இருந்தன. சுவரோரம், வரிசையாக, ஒவ்வொன்றின் மேலும் துணிக்கட்டு. ஒன்றில் மட்டும் குடைகள். பெண்கள் பழைய முக்காலியிலேயே.

பொத்தான் தைக்கிற அக்காவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“சேர் பிரமாதம் மேடம். ஏத்தினா கால் பெடலுக்கு எட்டல, இறக்கினா கை மிஷினுக்கு எட்டல. துணி வெக்க தோதா இருக்கு.”

“எத்தன நாள் உக்காந்தீங்க?”

“ரெண்டு. உங்களுக்காகத்தான் ரெண்டாவது நாள்.”

“அப்ப வலி எப்படிக் குறைஞ்சுது? பொய்யா குறிச்சீங்களா?”

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “பொய்யெல்லாம் இல்ல. நீங்கதானே படிவத்த ஜன்னல்கிட்ட வெச்சீங்க? எந்திரிச்சுப் போகணும். நின்னு யோசிக்கணும், கழுத்தா தோளான்னு. கையத் தூக்கிப் பாத்தாத்தானே தெரியும்? பக்கத்துல இருக்கவ ‘எனக்கு இடுப்பு’ம்பா. பத்து நிமிஷம் ஆயிரும். திரும்பி வந்து உக்காந்தா உடம்பு லேசாருக்கும்.”

ஆய்வு முடிந்து ஐந்து மாதமாகிறது. இன்னும் குறித்துக்கொண்டிருக்கிறார்களாம். ஆராய்ச்சி நடக்கிறது என்று மானேஜரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் கொடுத்த படிவம் தீர்ந்துபோய் நகல் எடுத்து, அதில் ‘பாதம்’ என்று ஒரு கட்டத்தை அவர்களே சேர்த்திருக்கிறார்கள். பாதத்தை நான் மறந்திருந்தேன்.

துணிக்கட்டை இறக்கிவிட்டு இரண்டு பேரை உட்காரவைத்துப் படம் எடுத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. கேமராவைக் கையில் எடுத்தும்விட்டேன். அந்தக் குடைகள் என்னையே பார்த்தன.

மார்ச் 13, வியாழன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரித்தார், சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். அப்புறம், “சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?” என்றார்.

“அப்படிங்கறீங்களா?”

“நான் அப்படிங்கறேன். உன்னால முடியாது. அன்னிக்கு நீச்சல்னு எழுதிட்டு வந்த, வாசல்லயே உன் மூஞ்சி சொல்லிடுச்சு.”

ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன்: கட்டுரையை நிறுத்துங்கள், வலி குறைந்ததற்கு நான் சொன்ன காரணம் தவறு. அனுப்பிய பிறகு அரை மணி நேரம் திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கூனிக்கொண்டுதான்.

மார்ச் 18, செவ்வாய்

அளவுகோல் லிஃப்டில் கேட்டார், “உங்க நாற்காலி எப்படிப் போகுது?” நன்றாக உழைக்கிறது என்றேன். பொய்யில்லையே.

மார்ச் 24, திங்கள்

முடிந்தது. வந்ததும் வராததுமாக எழுத உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். காலையிலிருந்து வேறு துறைகளுக்கும் நேர்காணல் நடத்திவிட்டு நொந்துபோயிருந்தார்கள். துணைவேந்தர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“என் முக்கியமான கட்டுரை தப்புங்க. நாற்காலியில யாருமே உக்காரல,” என்று ஆரம்பித்தேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த மூன்று பக்கமும் அத்தோடு மறந்துபோயிற்று.

வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அப்ப எதுதான் வேலை செஞ்சது?”

“படிவம்.”

“எந்தக் கம்பெனி?”

“நான் அடிச்சதுதாங்க. ஒரு பக்கம்.”

என்ன தோன்றியதோ, பையிலிருந்து ஐந்து தாளை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தேன். “எல்லாரும் எந்திரிச்சு இங்க வந்தா காட்டிடறேன்.”

வந்தார்கள். துணைவேந்தர் கழுத்துக்கு எட்டு போட்டார். நிபுணர் அம்மாள் தோளைச் சுழற்றிப் பார்த்து ஆறு என்றார், பிறகு ஐந்து. ஒருவருக்குக் குதிகாலாம், ‘பாதம்’ கட்டம் இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துபோனார். அவரவர் வலியைப் பற்றி அப்படி ஒரு பேச்சு. பன்னிரண்டு நிமிஷம். பதிவாளர் இருமும் வரை யாரும் உட்காரவில்லை.

கிளம்பும்போது துணைவேந்தர் கேட்டார், “இன்னொரு பிரதி இருக்குமாம்மா? வீட்ல அவங்களுக்கு.”

ஏப்ரல் 2, புதன்

நியமனக் கடிதம் வந்துவிட்டது. பேராசிரியர். நான்.

அளவுகோல் வந்து கைகொடுத்தார். தலையைக் கொஞ்சம் குனிந்தே கொடுத்தார், அவருக்கு அது பெரிய விஷயம். பட்டறை மானேஜர் படிவ இடைவேளையை நிரந்தரமாக்கச் சம்மதித்துவிட்டார். இந்த முறை நாற்காலியில்லாமல், படிவத்தை மட்டும் வைத்து ஆய்வு. பொத்தான் அக்காவிடம் சொன்னதும், “அப்ப சேரத் திருப்பிக் கேப்பீங்களா?” என்று பதறினாள். கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

உண்மையைச் சொன்னால் நஷ்டம் என்று யார் சொன்னது? அந்த அறையில் நான் வாயைத் திறந்த நிமிஷம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. ஐந்து பேரின் முகத்திலும் பார்த்தேனே. மாணவர்களுக்கு இதைத் தனி வகுப்பாகவே எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டக் கடிதத்தை எடுத்துப்போன வீட்டுக்காரர் இப்போது திரும்பி வந்து நிற்கிறார். “ஏம்மா, இண்டர்வியூ இருபத்துநாலுதானே?”

பதிவாளர் கையெழுத்துக்குக் கீழே தேதி போட்டிருக்கிறது. மார்ச் 20.