உன் சம்பளத்தையும் சேர்த்து ஒரு வீடு

மேட்டகள்ளி, மைசூர்
21.9.1997, ஞாயிறு

அன்புள்ள சுலோசனாவுக்கு,

உன் கால் வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்பிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல். என் சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் அக்கா தினமும் குழம்பு கொடுத்துவிடுகிறார். சோறு மட்டும் நான் வடித்துக்கொள்கிறேன், அது ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் விறைக்கிறது. மில்லில் இந்த மாதம் எனக்கு இரண்டாம் ஷிப்ட்.

வீடு என்ன ஆயிற்று என்று இரண்டு கடிதத்திலும் கேட்டிருந்தாய். நான் பதில் எழுதாமல் தள்ளிப்போட்டேன். ஹெப்பாள் வீடு நமக்கு இல்லை, சுலோ. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை ஆசையோடு படித்துவிட்டு நீ சோர்ந்துபோக வேண்டாம். வேறு ஒருவருக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று மற்றவர்கள் சொல்லிக் கேட்பதைவிட நானே எழுதிவிடுவது நல்லது.

நீ ஊருக்குக் கிளம்பிய மறுவாரம் வீட்டு புரோக்கர் மல்லப்பன் ஆள் அனுப்பினார். தேவராஜ மொஹல்லாவில் பாத்திரக் கடைக்கு மாடியில் அவர் ஆபீஸ். பித்ரு பட்சம் வந்துவிட்டால் யாரும் வீடு பேச மாட்டார்கள், அதற்கு முன்னால் டோக்கன் என்று ஒரு முன்பணம் கொடுத்துவிட்டால் தசரா கழிந்து ரிஜிஸ்டர் செய்துவிடலாம் என்றார். கொடுத்தேன். கடன் எங்கே வாங்குவது, யாரைப் பார்ப்பது என்று எனக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொன்னேன். நம் இரண்டு பேர் குடும்பத்திலும் கடன் போட்டு வீடு வாங்கியவர்கள் யார் இருக்கிறார்கள்? அவர் சிரித்துக்கொண்டே, "யோசனெ பேடா ஸ்வாமி, கவலயே வேண்டாம். லோனுக்கு நம்ம முரளிதரன் இருக்காரு. நீங்க கையெழுத்து போட்டா போதும்" என்றார்.

முரளிதரனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் தமிழ் ஆள்தான், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நான் லீவு போட வேண்டியிருக்கவில்லை. அவரே ஸ்கூட்டரில் மில் வாசலுக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். நகல் எடுப்பது, வாடகை வீட்டுக்காரரிடம் எழுதி வாங்குவது எல்லாம் அவரே செய்தார். ஒரு டீக்குக்கூட என்னைக் காசு கொடுக்க விடவில்லை. "உங்ககிட்ட ஒரு ரூபா வாங்க மாட்டேன் சார்" என்று சொன்னபோது, இந்த ஊரில் இப்படியும் ஒரு மனிதனா என்று இருந்தது. ஷிப்ட் முடிந்து அலுத்து வரும் எனக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று உனக்குத் தெரியும்.

ஒரு நாள் நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டார். என் சம்பளம் மட்டும் அந்த வீட்டுக்குப் போதாதாம், பக்கத்தில்கூட வராதாம். "மேடம் தையல் கம்பெனிக்குப் போறாங்கள்ல, அவங்க சம்பளத்தையும் சேத்துடலாம்" என்றார். நீ பிரசவத்துக்குப் போயிருப்பதைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "சார், இத வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஊருக்குப் போயிருக்காங்க, அவ்ளோதான். தெரிஞ்சா ஃபைனான்ஸ்காரங்க அவங்க சம்பளத்த எடுத்துக்க மாட்டாங்க" என்றார்.

இந்த முறை குழந்தையோடு இரண்டு வருஷமாவது வீட்டில் இருக்கப் போகிறேன் என்று நீ பஸ் ஸ்டாண்டில் சொன்னாயே, அதையும் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "மூணாவது மாசமே போயிடலாம் சார். எல்லாரும் போறாங்க. பாட்டி பாத்துக்க மாட்டாங்களா?" என்றார். அத்தையை ஹனூரிலிருந்து இங்கே கொண்டுவந்து, உன்னை மறுபடி செக்கிங் டேபிள் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கவைத்து, எல்லாவற்றையும் அவரே முடிவு செய்துவிட்டார். அந்த ஹெப்பாள் வீட்டுச் சமையலறையில் நின்று, வெளிச்சம் எவ்வளவு நன்றாக விழுகிறது பாருங்கள் என்று நீ சொன்னதுதான் என் மனதில் இருந்தது. அதற்காகப் பேசாமல் இருந்தேன்.

எழுந்து போகும்போது அவர் கண்ணில் தொட்டில் பட்டது. நீ கிளம்புவதற்கு முன் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தாயே, அதுதான். ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து ஆள் வந்து நாம் குடியிருக்கும் இடத்தைப் பார்ப்பார்களாம். "அன்னிக்கு மட்டும் இத வேற எங்கயாவது வெச்சிடுங்க சார்" என்றார்.

புதன்கிழமை காலையில் அதைத் தூக்கிக்கொண்டு பஞ்சவர்ணம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தவர் எழுந்துவிட்டார். "ஏந் தம்பி, எதுக்குங் இத இப்ப வெளிய எடுத்தாறீங்?" என்று கேட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது. ஹனூரிலிருந்து ஏதோ செய்தி வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். அப்படி ஒன்றும் இல்லை, சுலோ நன்றாக இருக்கிறாள் என்று நான் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. போன வருஷம் அதை நான் பரணில் ஏற்றிய நாள் அவருக்கும் நினைவிருக்கும். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

பதினோரு மணி வாக்கில் அந்த ஆபீசர் வந்தார். சின்ன வயசுதான், வெயிலில் நடந்து வந்து களைத்திருந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். முரளிதரனும் கூடவே நின்றார். வீட்டில் எத்தனை பேர் என்று ஆபீசர் கன்னடத்தில் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் முரளிதரன் முந்திக்கொண்டு, "இப்பரே சார். மக்களு இல்லா" என்றார். இரண்டே பேர், குழந்தை இல்லை.

அவர் ஏதோ தொழிலுக்காகச் சொன்னார். ஆனால் அந்த 'இல்லா' நம் வீட்டுக்குள் விழுந்ததும் என்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. போன முறை நர்ஸ் வெளியே வந்து சொன்னதும் அதே சொல்தான். நான் ஆபீசரைப் பார்த்து, "இல்ல சார். என் மனைவி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. எட்டாவது மாசம். வேலைக்கு எப்போ திரும்புவா, திரும்புவாளான்னே தெரியாது" என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் திக்கித் திக்கித்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எழுதிக்கொண்டார். போகும்போது, நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முரளிதரன்தான் கத்தினார். "மூணு வாரமா நாயா அலைஞ்சேன் சார், ஒரே வார்த்தையில எல்லாத்தையும் கொட்டிக் கவுத்துட்டீங்களே!" எனக்கும் கோபம் வந்தது. நீங்கள் எனக்காக அலைந்தீர்களா, மல்லப்பனுக்காக அலைந்தீர்களா என்று கேட்டேன். அவர் ஸ்கூட்டரில் சாய்ந்தபடி, "வீடு கை மாறினாத்தான் சார் அவர் எனக்குக் குடுப்பார். மாறலேன்னா ஒண்ணும் கெடையாது. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க" என்றார். அதற்கு மேல் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அன்று ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன்பே தொட்டிலைக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.

உன் சம்பளத்தைக் கழித்துவிட்டுத்தான் கடன் தருவோம் என்று ஃபைனான்ஸ்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மிச்சத்தை ஒரு வாரத்தில் புரட்டினால் சரி, இல்லாவிட்டால் இன்னொரு பார்ட்டி தயார் என்றார் மல்லப்பன். மாமாவிடம் கேட்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இந்த வருஷம் மழை இல்லாமல் ராகி காய்ந்தது எனக்குத் தெரியாதா? கேட்கவில்லை. வீடு போனது. டோக்கனில் பாதிதான் திரும்பக் கிடைத்தது. மீதிக்காக அந்த மாடிப்படியை இன்னும் ஏறி இறங்க முடியவில்லை என்னால்.

பிறகு, நம் சம்பளம் போடுகிற பேங்குக்கு நானே போனேன். அங்கே டீ வாங்கித் தர யாரும் இல்லை. ஒரு நாள் உட்காரவைத்துவிட்டு நாளைக்கு வா என்றார்கள். மறுநாள் ஒரு அம்மா கூப்பிட்டு எல்லாவற்றையும் கேட்டார். குழந்தை எப்போது பிறக்கும் என்றும் கேட்டார். என் ஒரு ஆள் சம்பளத்துக்கு இவ்வளவுதான் தர முடியும், அதில் ஹெப்பாளில் ஒன்றும் கிடைக்காது, ஊருக்கு வெளியே சின்னதாகப் பாருங்கள், இல்லை இரண்டு வருஷம் பொறுங்கள் என்றார். வீடு பார்ப்பதற்கு முன்பே வந்து இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று கொஞ்சம் அதட்டவும் செய்தார். அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதி இருந்தது.

சாமராஜநகரில் உன் தம்பி தருண்குமார் பார்த்திருக்கும் வீட்டுக்கும், அதை விற்றுத்தரும் புரோக்கரே கடனுக்கு ஒரு ஆளைக் கொடுத்திருக்கிறான் என்று எழுதியிருந்தாய். கடனுக்கு வரும் அந்த ஆள் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. நமக்காக அவன் அலைவது உண்மைதான். ஆனால் வேண்டாம் என்று சொல்வது நமக்கு நல்லதாக இருக்கும்போது, அந்த ஒரு சொல்லை அவனால் சொல்ல முடியாது. சொன்னால் அவன் பிழைப்பு போய்விடும். அதனால் தருண் முதலில் தானே போய் ஒரு பேங்கில் தன்னால் எவ்வளவு தாங்க முடியும் என்று கேட்கட்டும். அலைச்சல்தான். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த ஆளையும் கேட்டுப் பார்க்கட்டும். அதற்கு முன்னால் டோக்கன் கொடுக்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்.

நாம் இந்த வீட்டிலேயே இருப்போம். வீட்டுக்காரர் தீபாவளிக்கு வாடகையை ஏற்றுவார் போலிருக்கிறது. சமையலறைக் கூரையின் ஓடுகளை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதையும் இரண்டு வருஷமாகச் சொல்கிறார். உன் சூப்பர்வைசர் அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். நீ எப்போது திரும்புவாய் என்று கேட்டார். தெரியாது என்றேன். அது நீ யோசித்துச் சொல்ல வேண்டியது. போகிறேன் என்றாலும் சரி, இருக்கிறேன் என்றாலும் சரி, ஒரு வீட்டுக்காக யாரும் உன்னை நிற்கவைக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கொள்ளேகால் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடாதே. பஸ்ஸில் வேண்டாம், மாமாவிடம் சொல்லிக் கார் வைத்துக்கொள். வீட்டை நினைத்து அழாதே. உன் மேல் வருத்தமோ கோபமோ எனக்குத் துளியும் இல்லை. உடம்பு கொஞ்சம் அலுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பெரிய கடிதம் எழுதி உனக்குக் கை வலிக்க வேண்டாம், சுலோ. குழந்தை அசைகிறது என்று மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு. முடிந்தால் தினமும் போடு.

உன்
முனிராஜ்