இரண்டாவது பட்டியல்

மார்ச் 3, திங்கள்

என் அப்பா பொழுதுபோக்குக்காக மிருகங்களைக் கொல்லப் போகிறார். இதைச் சொல்ல வேறு நல்ல வார்த்தை இல்லை. மே மாதம், நமீபியா, இரண்டு கிழமை, வழிகாட்டி வைத்து வேட்டை. கூட்டிக்கொண்டு போவது ஹென்னிங். நெசவாலை மூடும்வரை அப்பாவுக்கு மேலே போர்மனாக இருந்தவன்.

"மானைச் சுட்டு என்ன செய்யப்போறீங்கள்?" என்று கேட்டேன்.

"கொம்பைச் சுவரிலை கொழுவுறது."

டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற சின்ன ஊரில், மூன்று அறை வாடகை வீடு. எந்தச் சுவரில்?

இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. வேட்டை அனுமதிப் பரீட்சைக்கு அவர் படித்தபோது டேனிஷ் கேள்விகளை வாசித்துக் காட்டியவள் நான்தான். பறக்கும் வாத்தின் உருவத்தைப் பார்த்து இனத்தைச் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவைதான் சித்தியடைந்தார். அன்றைக்கு கேக் வாங்கி வந்தார்.

மார்ச் 9, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து, பக்கத்து ஹோலில் தேத்தண்ணி. டானியல் மாமா அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மரியரட்ணம், தவக்காலத்துக்கு இறைச்சி தொடமாட்டாய், சிங்கம் சுடப் போறியாம்?"

"சிங்கமில்லையப்பா, மான்."

"மானோ? அப்ப வத்தல் போட்டுக் கொண்டா. தோலைப் பாதருக்குக் குடு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் நிமிர்ந்து நின்று. "டேன்காரர் நாலுபேர். எங்கடை ஆள் நான் ஒருத்தன்தான். ஹென்னிங் தானாத்தான் கேட்டவன்." இதை நாலு மேசையிலும் சொன்னார். எண்ணிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 22, சனி

பக்கத்து நகரம் ஹெர்னிங்கில் அப்பாவோடு கடை. தலைவிளக்கு, அகல விளிம்புத் தொப்பி, முள்ளுக்கு முழங்கால்வரை கட்டும் உறை, மண்நிறச் சட்டை மூன்று. பச்சைப் புள்ளிச் சட்டை ஒன்றை எடுத்துக் காட்டினேன். வேண்டாமாம். ஆமிக்காரன்போல உடுத்துக்கொண்டு போனால் சில நாடுகளில் பிடித்து வைத்துக் கேள்வி கேட்பார்களாம். "ஊரிலை ஒருக்காப் பிடிபட்டது எனக்குக் காணும்" என்றார். சில்லு வைத்த சூட்கேசும் சரிவராது, ஜீப்பில் திணிப்பதற்கு மெத்தென்ற துணிப்பைதான் வேண்டும்.

சப்பாத்தைப் புதிதாகக் கொண்டுபோனால் கால் கொப்பளிக்கும். அதனால் வீட்டுக்குள்ளேயே போட்டு நடக்கிறார். அம்மா: "இப்பதான் நிலம் துடைச்சனான்."

"துவக்கு?" என்று கேட்டேன்.

"அங்கை வாடகைக்கு எடுக்கலாம்."

ஏப்ரல் 10, வியாழன்

எழுதி முடித்தால் ஆத்திரம் அடங்கும் என்று எழுதுகிறேன்.

அப்பாவின் மின்னஞ்சல் என் கைபேசிக்குத்தான் வரும். இந்த ஊரில் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதே வேலைதான். நகரசபையின் கொமூன் கடிதம், டொக்டர் கடிதம், எல்லாம் நாங்கள் திறந்து நாங்கள் சொல்ல வேண்டும். இன்றைக்கு ஹென்னிங் அனுப்பியிருந்தான். கொண்டுவர வேண்டிய பொருட்கள், இரண்டு பட்டியல்.

முதலாவது, வேட்டைக்காரருக்கு. பூட்டுள்ள துவக்குப் பெட்டி, தோட்டா வேறு பெட்டியில், தொலைநோக்கி, துடைக்கும் எண்ணெய். மேலே நாலு பெயர். அப்பாவின் பெயர் இல்லை. கீழே உருட்டினேன். திரும்ப மேலே போனேன். இல்லை.

இரண்டாவது பட்டியலில் ஒரே பெயர். மாரியுஸ். அவர்கள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெரிய தாச்சி. கத்தி மூன்று, கைப்பையில் வைக்க வேண்டாம். கறித்தூள், மிளகாய்த்தூள் — ஐந்து பேருக்கு, பதினாலு நாளுக்கு. முகாமில் சமையலாள் கிடையாது என்று ஒரு குறிப்பு. பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

சமைக்க. என்ரை அப்பாவைச் சமைக்கக் கூட்டிக்கொண்டு போறாங்கள்.

ஒவ்வொரு இலையுதிர்காலமும் அவர்களின் வேட்டைக்குப் போய், தடியால் மரத்தில் தட்டித் தட்டி மானை அவர்களின் துவக்குப் பக்கம் விரட்டியவர். பிறகு அந்த இறைச்சியில் கறி வைத்துக் கொடுத்தவர். அனுமதி எடுத்தால் அது மாறும் என்று நினைத்தார். நானும் நினைத்தேன். இல்லாவிட்டால் ஏன் வாத்து வாத்தாக வாசித்துக் காட்டினேன்?

இதை அவருக்கு எப்படிச் சொல்வது? பக்கத்து அறையில் சப்பாத்துச் சத்தம் கேட்கிறது. நடந்துகொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 12, சனி

ஹென்னிங் வீட்டுக்குப் போனேன். கோப்பி வைத்தான். நான் கதிரையில் இருக்கவில்லை.

"என்னுடைய அப்பாவை வேலைக்காரனாகக் கொண்டுபோகிறாய். அது அவருக்குத் தெரியுமா?"

அவனுக்கு விளங்கவில்லை. பிறகு முகம் மாறியது. "தெரியுமா என்றா? மாரியுஸ்தான் கேட்டான். ஜனவரியில், இதே மேசையில். நாலு பேருக்குத்தான் பதிவு செய்திருக்கிறோம், இடமில்லை என்று சொன்னேன். அப்படியென்றால் நான் சமைக்கிறேன், என்னையும் கூட்டிக்கொண்டு போ என்றான்."

நடிக்கவில்லை. நடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டிவிட்டு வந்திருப்பேன்.

"வீட்டில் சொல்லவில்லையா அவன்?" என்று கேட்டான்.

கோப்பியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 13

குருத்தோலை ஞாயிறு. ஹோலில் அப்பா சுருள்கொம்பு மானைப் பற்றி டானியல் மாமாவுக்கு விளங்கப்படுத்தினார். தோளுக்குப் பின்னால் எந்த இடத்தில் வெடி வைக்க வேண்டும் என்று தன் நெஞ்சில் தொட்டுக் காட்டினார். வெளியே போய் நின்றேன்.

மே 4, ஞாயிறு

அம்மா குளியலறைத் தராசில் வேட்டைப் பையை நிறுத்துக்கொண்டிருந்தார். மண்நிறச் சட்டைகளுக்கு நடுவே வறுத்து இடித்த தூள், மூன்று பைக்குள் இறுக்கிச் சுற்றி. அப்போ அம்மாவும்.

"உங்களுக்கும் தெரியுமா?"

"மெல்லக் கதை. அறைக்குள்ளை நிக்கிறார்."

"பூசைக்கு வாற அவ்வளவு பேருக்கும் பொய் சொல்லிக்கொண்டு—"

"ஓம், பொய்தான். முப்பத்திநாலு வருசம் இந்த ஊரிலை இருக்கிறம். லீவுக்கு எங்களோடை வாவன் எண்டு ஒரு டேன்காரன் கேட்டவனோ? ஒருத்தனும் கேக்கேல்லை. இவர் தானாக் கேட்டுப் போறார். போகட்டும் விடு."

அப்பா தொப்பியோடு வந்து நின்றார். "எப்பிடிப் பிள்ளை?"

"நல்லாயிருக்கு" என்றேன். வேறென்ன சொல்ல?

மே 6, செவ்வாய்

போய்விட்டார். காரில் அப்பாவுக்குக் கிடைத்தது பின் இருக்கையின் நடு.

மே 11, ஞாயிறு

குடும்பக் குழுவில் படம் வந்தது. மண்ணில் கிடக்கும் மான். பக்கத்தில் முழந்தாளிட்டு அப்பா, கையில் துவக்கு. ஹென்னிங்கின் துவக்கு, வாரில் அவன் பெயர் இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் விரல்நுனிகளில் கறித்தூளின் மஞ்சள்.

டானியல் மாமா: "ஒரே வெடியோ?"

அப்பா: "ஓம்."

நாற்பத்தொரு பேர் கை தட்டியிருக்கிறார்கள். நானும் தட்டினேன். பிறகு ஹென்னிங்குக்கு எழுதினேன்:

"என் அப்பாவிடம் வேட்டை அனுமதி இருக்கிறது. உங்களுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. ஒரு நாள் நீங்கள் நாலு பேரும் சமையுங்கள். அவர் கையில் துவக்கைக் கொடுத்து, ஒரு மானை அவரையே சுட விடு."

மிருகத்தைக் கொல்லச் சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

பத்து நிமிடத்தில் வாசித்துவிட்டான். இப்போது நாலு மணித்தியாலம் ஆகிவிட்டது. பதில் இல்லை.