ஊதா மங்கும் வரை

2006 நவம்பர், செவ்வாய்க்கிழமை. கொழும்பு, வெள்ளவத்தை.

விடியும்போதே பொலிஸ்காரர்கள் எங்கள் ஒழுங்கையை இரண்டு முனையிலும் அடைத்துச் சுற்றி வளைத்தார்கள். தம்பி ரமேஷின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம்; சந்தேகப்பட அது போதும். பொலிஸுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். அம்மாவும் நானும் பொலிஸ் நிலைய வாசலில் காத்து நின்றோம்.

"நீ வேலைக்குப் போ பிள்ளை. ரெண்டு பேரும் நிண்டு என்ன செய்யிறது?" என்றார் அம்மா.

போனேன். ஆய்வுகூடத்தில் நேற்று வடித்து வைத்த கடற்பாசிச் சாறுகள் இருந்தன. பாசி ஒன்றுதான். ஒரு பங்கை மெதனோலிலும் மற்றதைத் தண்ணீரிலும் ஊறவைத்திருந்தேன். இரண்டையும் தனித்தனிக் குழாயில் ஊதாச் சாயக் கரைசலோடு கலந்தேன். ஒட்சியேற்றத்தை, அதாவது ஒட்சிசனால் பொருள்கள் கெடுவதைத் தடுக்கும் சக்தி கூடிய சாறு ஊதாவை விரைவாக மங்கவைத்து மஞ்சளாக்கும். மெதனோல் குழாய் மெல்ல மெல்ல வெளுத்தது. தண்ணீர்க் குழாயில் ஊதா போக மனமில்லாமல் நின்றது. அந்த நிறத்துக்குள்ளேயே அமிழ்ந்து எங்கோ மிதந்துகொண்டிருந்தேன்.

போன் அடித்தது. அம்மா.

"விட்டிட்டாங்கள் பிள்ளை. அடிக்கேல்லையாம்."

அழுதுவிட்டேன். அளவெடுக்கும் நேரம் தவறிவிட்டது. கூட வேலை செய்யும் நிலூஷா குழாய்களைக் கழுவினாள். நாளைக்கு மறுபடி செய்வோம் என்று சிங்களத்தில் சொன்னாள்.

இரவுச் சாப்பாட்டில் ரமேஷ் பொலிஸைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அக்கா, இண்டைக்கு என்ன செய்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டான். பாசியின் கதையைச் சொன்னேன்.

"பிறகு?" என்றான். கொஞ்சம் பொறுத்து மீண்டும், "பிறகு?"

கேட்டபடியே, சோற்றில் கை வைத்தபடி தூங்கிவிட்டான். கையைத் துடைத்துவிட்டேன். அவன் எழும்பவில்லை.