மீன்கடையில் மீன் சாப்பிடாத சம்பந்திமார்

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
17 பங்குனி 1996

அன்புள்ள மகள் சுபாங்கிக்கு,

வன்கூவர் மழையில் தலை நனையாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நீ சுகமாக இருக்க நல்லூரான் துணை நிற்கட்டும். இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் என்னோடு கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்துகிறது. அப்பாவும் சுகம், அவருடைய கோபமும் அதைவிடச் சுகம். ஜூலியஸைத்தான் கட்டுவேன் என்று பொங்கலன்று நீ போனில் சொன்ன நாளிலிருந்து உன்னோடு பேசுவதில்லை என்று விரதம் பிடிக்கிறார் அல்லவா, போன் மணி அடித்ததும் துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுகிறார். இவ்வளவு சுத்தமான மனிதரை இந்த ஸ்காபரோ கண்டிருக்காது.

நேற்று முன்தினம் ஜூலியஸின் தாய் தகப்பனைச் சந்தித்தோம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். யார் வீட்டுக்கு யார் முதலில் போவது என்பதிலேயே மாசி மாதம் முழுக்கப் போய்விட்டது. மல்வேர்னுக்குப் போய் அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தால் பாதிச் சம்மதம் கொடுத்த மாதிரி என்று அப்பா, அழைக்காத வீட்டுக்கு எப்படி வருவது என்று ஜூலியஸின் தகப்பன் அருள்நாயகம் அண்ணை. சமாதானப் பேச்சுக்கு மூன்றாம் நாடு தேடுகிற மாதிரித் தேடி, கடைசியில் எங்கள் சந்தியில் இருக்கும் பழைய மீன் பொரியல் கடை என்று முடிவாயிற்று. நாங்கள் இந்த நாட்டுக்கு வருவதற்கு எத்தனையோ வருடம் முந்தியே அங்கே இருக்கிற கடை, கதிரைச் சீலை கிழிந்து ஒட்டுப் போட்டும் ஆயிற்று, ஆட்கள் இன்னும் வரிசையில் நிற்கிறார்கள். நாளைக் குறித்தது அவர்கள், வெள்ளிக்கிழமை. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம், வெள்ளியில் இறைச்சி தொடமாட்டார்களாம், மீன் என்றால் எல்லோருக்கும் தோதாம். யாருக்கும் ஷிப்ட் இல்லாத நாள் என்று யோசித்துச் சம்மதித்த என்னுடைய பெரிய மூளை, அப்பா பிறந்ததிலிருந்து வெள்ளியில் மச்சம் தொட்டதில்லை என்பதை யோசிக்கவில்லை. ஒரு பகுதிக்கு மீன்தான் விரதம், மறுபகுதிக்கு மீன் இல்லாததுதான் விரதம், நல்ல பொருத்தம், சாத்திரி தேவையில்லை.

அப்பா நெற்றி நிறைய விபூதி பூசி, அதற்கு மேல் குளிர்த் தொப்பியும் போட்டு, தீர்ப்புச் சொல்ல வந்த நீதவான் மாதிரி மூலையில் போய் இருந்தார். விபூதியைக் கண்டதும்தான் அருள்நாயகம் அண்ணைக்கு அது எங்களுக்கும் விரத நாள் என்பது விளங்கியது. பாவம், மனிதர் வியர்த்துப்போய்த் தானே எழும்பிப் போய் விசாரித்து, உருளைக்கிழங்கு பொரிக்க வேறு தாச்சி, மீன் தொட்ட கரண்டி அதில் படாது என்று உறுதிப்படுத்திக்கொண்டு, தட்டைத் தானே ஏந்திக்கொண்டு வந்தார். அதோடு விட்டாரா, நீங்கள் சாப்பிடாத மீன் எங்களுக்கும் வேண்டாம் என்று தங்களுக்கும் கிழங்கே சொல்லிவிட்டார். பேர்போன மீன்கடையில் நாலு பேர் இருந்து கிழங்கைத் தின்கிறோம், பக்கத்து மேசை வெள்ளைக்காரக் கிழவர் எங்களைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். அப்பா யன்னலைப் பார்த்தபடியே இருந்தார், ஆனால் தட்டு வெறுமையாயிற்று. அண்ணை இன்னொரு தட்டு கொண்டுவந்து வைக்க அதுவும் வெறுமையாயிற்று. கோபம் இருக்கிற இடம் வேறு, வயிறு இருக்கிற இடம் வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

வினாகிரி எடுக்க நானும் ஜூலியஸின் தாய் யூஜினியும் எழும்பிப் போனபோது என் வாய் சும்மா இருக்கவில்லை, கிழங்கு எப்படி இவ்வளவு மொறுமொறுப்பு என்று கடைக்கார அம்மாவைக் கேட்டுவிட்டேன். அந்த மனிசி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மற்றக் கடைக்காரர் எல்லாம் மரக்கறி எண்ணெய்க்கு மாறிவிட்டார்கள், தாங்கள் மாறவேயில்லை, அன்று தொடக்கம் இன்றுவரை சுத்தமான மாட்டுக் கொழுப்பு என்றாள். யூஜினி சிலுவை அடையாளம் போட்டாள், அவர்களுக்கும் வெள்ளிக்கிழமைதானே. பிறகு என் கையை இறுக்கிப் பிடித்து, இப்ப சொன்னால் எல்லாம் முடிஞ்சுது அக்கா என்றாள். நல்ல சிநேகிதம் தொடங்கின அழகைப் பார். இரண்டு பேரும் வினாகிரிப் போத்தலோடு சிரித்துக்கொண்டே திரும்பி வந்து இருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தலைக்குத் தோய்ந்துவிட்டுச் சாமியறையில் கனநேரம் நின்றார். என்னால் பொறுக்க முடியவில்லை, அந்தக் கிழங்கு வந்து என்று இழுத்தேன். திரும்பிப் பாராமலே சொன்னார், மாட்டுக் கொழுப்பு, முதல் வாயிலேயே தெரியும், வந்த புதிதில் கோப்பை கழுவின கடையில் அந்த மணத்துக்குள்தானே நின்றேன் என்று. பிறகு என்னத்துக்கு இரண்டாம் தட்டு என்று நான் பாய்ந்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிள்ளை: "அந்த மனுசன் எனக்காக அலைஞ்சு திரிஞ்சு கொண்டுவந்து வைச்சது. நான் துப்பினா அவரின்ர முகம் என்னத்துக்காகும்? நாளைக்கு என்ர பிள்ளை அந்தாளின்ர வீட்டிலதானே சாப்பிடப் போகுது."

முப்பது வருடமாக அந்த மனிதருக்குச் சமைத்துப் போடுகிறேன், எல்லாம் தெரியும் என்று இருந்தேன். குசினிக்குள் போய் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நீயும் ஜூலியஸும் ஒருவருக்கொருவர் முகம் வாடவிடாமல் நீடூழி வாழவேண்டும். இதை ஜூலியஸுக்குச் சொல்லாதே, அருள்நாயகம் அண்ணைக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார். குளிர் உடுப்பை இப்போதே கழற்றி எறியாதே. சித்திரையில் வரும்போது அப்பாவுக்கு ஒன்றும் வாங்கிவர வேண்டாம், வந்து பக்கத்தில் இருந்து சாப்பிடு, அது போதும்.

என்றும் உன் நன்மையை வேண்டும்,
அம்மா
ரதி சண்முகலிங்கம்